நாடுகடத்தல் வழக்கில் சிக்கிய குடும்பத்துக்கு இலவச வக்கீல் கிடைக்க நாம் என்ன செய்யலாம்: அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒருவர்மீது கிரிமினல் வழக்கு வந்து, சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்ற நிலை வந்தால், கையில் காசில்லாவிட்டாலும் அரசே அவருக்கு ஒரு வக்கீலைக் கொடுத்தாக வேண்டும். 1963-ல் வந்த கிடியன் வழக்குத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த உரிமை அது. ஆனால் அதே ஊரில் இருபது வருடம் உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவரை நாட்டை விட்டே அனுப்புகிற வழக்கில் அந்த உரிமை கிடையாது. நாடுகடத்தல் என்பது தண்டனை இல்லை, சிவில் விவகாரம்தான் என்று சட்டம் சொல்லிவிடுகிறது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவில் இல்லை. எதிரே அரசுக்கு மட்டும் வக்கீல் எப்போதும் இருப்பார். நீதிபதியும் அமெரிக்கச் சட்ட அமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர்தான். தனியாக வந்த சின்னக் குழந்தைக்கும் இதே விதிதான்.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2007 முதல் 2012 வரை முடிந்த பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை இங்க்ரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷேஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மொத்தத்தில் 37 சதவீதம் பேருக்குத்தான் வக்கீல் இருந்தார், தடுப்பு மையத்தில் இருந்தவர்களில் வெறும் 14 சதவீதம். நியூயார்க் நகரம் 2013-ல் ஒரு காரியம் செய்தது: தடுப்பில் இருக்கும் ஏழைகளுக்கு நகரத்தின் காசிலேயே வக்கீல். அதை ஆராய்ந்த வேரா இன்ஸ்டிடியூட், வக்கீல் இல்லாதபோது 4 சதவீதமாக இருந்த வெற்றி வக்கீல் இருந்தால் 48 சதவீதமாகும் என்று 2017-ல் கணக்குச் சொன்னது. ஆள் அதே ஆள், சட்டமும் அதே சட்டம், பக்கத்தில் ஒரு வக்கீல் உட்கார்ந்ததுதான் வித்தியாசம்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். இந்த விவகாரத்தில் பற்றாக்குறையான பொருள் வக்கீலின் நேரம். நாம் கொடுக்கிற பணம், மொழிபெயர்ப்பு, வண்டி ஓட்டம், எல்லாமே அந்த நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது மிச்சப்படுத்த வேண்டும். அப்படிச் செய்யாத உதவி நல்ல மனசோடு செய்ததாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குப் பெரிதாகப் பயன்படாது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் கைவிலங்கோடு 104 இந்தியர்கள் ராணுவ விமானத்தில் அமிர்தசரஸ் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அதே மாதம் வந்த இன்னொரு வழிகாட்டு நெறியை நம்மில் பலர் கவனிக்கவில்லை: விசா மனு நிராகரிக்கப்பட்டு, அந்த நேரத்தில் சட்டபூர்வமான தங்கல் இல்லாத ஒருவருக்கு நாடுகடத்தல் நோட்டீஸ் அனுப்பலாம் என்பது அது. எச்-1பி வேலை போன குடும்பங்களும் இதில் மாட்டக்கூடும். ஈழத்திலிருந்து தஞ்சம் கேட்டு வருபவர்கள் பல வருடங்களாகவே இந்த நீதிமன்றங்களில் நிற்கிறார்கள்.

முதல் படி: ஒரு குடும்பம் உங்களைக் கூப்பிட்டால், அன்றைக்கே செய்ய வேண்டியது

பெரும்பாலும் போன் இரவில்தான் வரும். "அவரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க" என்பார்கள். உடனே வக்கீலைத் தேட ஓடாதீர்கள், முதலில் நான்கு தகவல்களைச் சேகரியுங்கள். எந்த வக்கீல் அலுவலகத்தைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வியாக இவற்றைத்தான் கேட்பார்கள், இல்லையென்றால் அந்த அழைப்பு வீண்.

முதலாவது ஏ-நம்பர். 'ஏ' எழுத்தில் தொடங்கி எட்டு அல்லது ஒன்பது இலக்கம் வரும். குடியேற்றத் துறையிலிருந்து வந்த ஏதாவது ஒரு காகிதத்தில், வேலை அனுமதி அட்டையில், பழைய நோட்டீஸில் இருக்கும். இரண்டாவது, ஆள் எங்கே இருக்கிறார் என்பது. குடியேறிகளைப் பிடித்துத் தடுப்பில் வைக்கும் ஐ.சி.இ. துறையின் இணையதளத்தில் தடுப்பில் உள்ளவர்களைத் தேடும் பக்கம் இருக்கிறது. ஏ-நம்பரும் பிறந்த நாடும் கொடுத்தால் காட்டும். ஏ-நம்பர் இல்லாவிட்டால் பெயரும் பிறந்த நாடும் வேண்டும், அங்கேதான் நம்மவர்களுக்குச் சிக்கல்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஒரு பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருக்கும், இன்னொன்றில் முதல் பெயராக இருக்கும், சிலருக்கு மொத்தப் பெயரும் ஒரே கட்டத்தில் விழுந்து, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று, அதாவது முதல் பெயர் தெரியாது என்று, அமெரிக்க அதிகாரி போட்டிருப்பார். அந்தத் தேடல் பக்கமோ எழுத்து ஒன்று மாறினாலும் ஆளே இல்லை என்று சொல்லிவிடும். பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், எஃப்.என்.யூ. போட்டுப் பாருங்கள், 'டி' பக்கத்தில் 'எச்' சேர்த்தும் எடுத்தும் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆளை வேறு மாநிலத்துக்கு, டெக்சாஸ் அல்லது லூசியானா பக்கம் மாற்றுவது சகஜம், அதனால் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த எல்லைக்குட்பட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில்தான் ஆட்கொணர்வு மனு போட முடியும் என்பதால், இந்தத் தகவல் சில மணி நேரம் முன்னால் கிடைப்பதே ஒரு வழக்கின் போக்கை மாற்றிவிடும்.

மூன்றாவது, அடுத்த விசாரணைத் தேதி. 1-800-898-7180 என்ற குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கி எண்ணைக் கூப்பிட்டு ஏ-நம்பரை அழுத்தினால் தேதி, இடம், நீதிபதி எல்லாம் சொல்லும். இணையத்திலும் பார்க்கலாம். நோட்டீஸில் இருக்கும் தேதியை மட்டும் நம்பாதீர்கள், தேதி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு விசாரணைக்குப் போகாவிட்டால் ஆள் இல்லாமலேயே நாடுகடத்தல் உத்தரவு போட்டுவிடுவார்கள், அதை உடைப்பது பெரிய பாடு. வீடு மாறியிருந்தால் ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்துக்குத் தனிப் படிவத்தில் சொல்ல வேண்டும். குடியேற்றச் சேவைத் துறையிடம் (யு.எஸ்.சி.ஐ.எஸ்.) சொன்னது நீதிமன்றத்துக்குச் சொன்னதாகாது. நல்ல வலுவான வழக்குகள்கூட நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போனதால் கவிழ்ந்துபோகின்றன.

நான்காவது, ஏற்கெனவே ஏதாவது உத்தரவு இருக்கிறதா என்பது. பத்து வருடத்துக்கு முன்னால் போட்ட உத்தரவு ஒன்று சத்தமில்லாமல் கோப்பில் கிடக்கலாம். அந்தத் தானியங்கி எண்ணே இதையும் சொல்லிவிடும்.

தடுப்பில் இருப்பவருக்குப் போன் கிடைத்தால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: வக்கீலோடு பேசாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். சொந்த நாட்டில் உயிர் பயம் இருந்தால், திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தஞ்சம் கேட்பவர் விஷயத்தில் தூதரகத்தைக் கூப்பிட்டு உதவி கேட்டுவிடாதீர்கள். எந்த அரசைக் கண்டு ஓடி வந்தாரோ அதனிடமே அவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

இரண்டாம் படி: இலவச வக்கீலைத் தேடுவது

குடியேற்ற நீதிமன்றங்களை நடத்தும் அலுவலகமே இலவச வக்கீல் சேவைகளின் பட்டியலை மாநில வாரியாக வெளியிடுகிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே புது வழக்கு எடுக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நிலுவையில் இருக்கும் வழக்குகள் முப்பது லட்சத்துக்கும் மேல், வக்கீல்களோ விரல் விட்டு எண்ணுகிற அளவில். சில இடங்களில் வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரம்தான் புதிய அழைப்புகளை எடுப்பார்கள். அந்த நேரத்தைக் கண்டுபிடித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து, லைன் கிடைக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பது நீங்கள் செய்யக்கூடிய அருமையான வேலை. பகல் முழுக்க வேலைக்குப் போகிற ஒரு தாயால் அது முடியாது.

அந்தந்தப் பகுதியில் பெயர் பெற்ற அமைப்புகள் இருக்கின்றன: டெக்சாஸில் ரெய்சஸ், அரிசோனாவில் ஃப்ளாரன்ஸ் ப்ராஜெக்ட், சியாட்டில் பக்கம் நார்த்வெஸ்ட் இமிக்ரண்ட் ரைட்ஸ் ப்ராஜெக்ட், சிகாகோவில் நேஷனல் இமிக்ரண்ட் ஜஸ்டிஸ் சென்டர், சான் பிரான்சிஸ்கோவில் ஏஷியன் லா காகஸ். தனியாக வந்த குழந்தைகளுக்கு கைண்ட் என்ற அமைப்பு. சட்டக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே வழக்கு நடத்தும் கிளினிக்குகள் உண்டு. அவர்கள் எடுப்பது சில வழக்குகள்தான், ஆனால் எடுத்த வழக்கில் அவ்வளவு உழைப்பார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஃபெடரல் அரசின் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் பணம் வாங்கும் சாதாரண 'லீகல் எய்ட்' அலுவலகங்கள், ஆவணமில்லாத குடியேறிகள் பெரும்பாலோருக்கு வழக்காடக் கூடாது என்று 1996 முதல் தடை இருக்கிறது. குடும்ப வன்முறை, ஆள் கடத்தலுக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. அவர்கள் முடியாது என்றால் வழக்கில் பலமில்லை என்று மனம் உடைந்துவிட வேண்டாம்.

விசாரணை நாள் வந்துவிட்டது, வக்கீல் கிடைக்கவில்லை. அப்போதும் போகத்தான் வேண்டும். முதல் விசாரணையில், வக்கீல் தேட அவகாசம் வேண்டும் என்று கேட்கலாம். எந்தெந்த அலுவலகத்தை எந்தத் தேதியில் கூப்பிட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் நீதிபதி அவகாசம் தர வாய்ப்பு அதிகம். அந்தத் தாளை நீங்கள் தயார் செய்யலாம்.

ஏமாற்றுக்காரர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு தப்பும் தவறுமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் 'ஏஜென்ட்டுகள்', 'கன்சல்டன்ட்டுகள்', வரி போட்டுக் கொடுக்கும் கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு, நம்மவர்களிடையேயும் உண்டு. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் வக்கீல் இல்லை. ஒருவர் வக்கீலா என்று அந்த மாநில பார் அசோசியேஷன் இணையதளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வக்கீல் அல்லாதவர் என்றால், சட்ட அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லாதவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்க விடாதீர்கள். தஞ்ச மனுவை வந்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்ற கெடுவை இப்படிப்பட்டவர்களை நம்பித் தவறவிட்ட குடும்பங்களின் கதை மனசைப் பிசையும்.

மூன்றாம் படி: பணம், அதைச் சரியான இடத்தில் கொடுப்பது

2018 ஜூனில் எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தபோது, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஷார்லட், டேவ் வில்னர் தம்பதி ஃபேஸ்புக்கில் ஒரு நிதி திரட்டலைத் தொடங்கினார்கள். இலக்கு 1,500 டாலர். குடியேற்ற ஜாமீனின் சட்டபூர்வமான குறைந்தபட்சத் தொகை அது, ஒரு தாயையோ தந்தையையோ வெளியே கொண்டுவந்தால் போதும் என்ற எண்ணம். சில நாட்களில் இரண்டு கோடி டாலர் தாண்டி ரெய்சஸ் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. மக்கள் மனசு வைத்தால் பணம் வரும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் வழக்குகள் நான்கு வருடம், ஐந்து வருடம் ஓடும். செய்தி அடங்கின பிறகு, மூன்றாவது வருடம் அந்த வக்கீலுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஆகவே என் கருத்து இதுதான்: ஒரே தடவை 600 டாலர் கொடுப்பதைவிட மாதம் 50 டாலர் தானாகப் போகிற மாதிரி செய்துவிடுங்கள். மாதாமாதம் வருகிற பணத்தை நம்பித்தான் ஓர் அமைப்பு இன்னொரு வக்கீலை வேலைக்கு எடுக்கும். இந்தத் திட்டத்துக்குத்தான், இந்த நாட்டவருக்குத்தான் என்று நிபந்தனை போடாதீர்கள்.

அரசுப் பணத்தை நம்ப முடியாது என்பதை 2025 காட்டிவிட்டது. தடுப்பு மையங்களில் சட்டம் விளக்கிச் சொல்ல 2003 முதல் நடந்துவந்த திட்டத்தை அந்த ஜனவரியில் நிறுத்தினார்கள். மார்ச்சில், தனியாக வந்த சுமார் 26,000 குழந்தைகளுக்கு வக்கீல் கொடுத்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள், ஒரு ஃபெடரல் நீதிபதி தலையிட்டுத் தற்காலிகமாகக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கொடுப்பதற்கு முன் வருமான வரித் துறையின் தேடல் பக்கத்தில் அந்த அமைப்பு 501(சி)(3) பதிவு, அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு என்ற பதிவு, பெற்றதா என்று பாருங்கள், வருடாந்திர வரவு செலவைக் காட்டும் 990 படிவத்தில் பணம் எதற்குப் போகிறது என்று ஒரு கண் ஓட்டுங்கள். அப்புறம் உங்கள் கம்பெனியில் இணை நன்கொடை (மேட்சிங்) இருக்கிறதா என்று கேளுங்கள். ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் நீங்கள் போடும் டாலருக்கு இன்னொரு டாலர் அவர்கள் போடுவார்கள், சில இடங்களில் தன்னார்வமாகச் செலவிட்ட நேரத்துக்கும் அமைப்புக்குப் பணம் அனுப்புவார்கள். வருடக் கடைசியில் பயன்படுத்தாமலே காலாவதியாகிற இந்தத் தொகையைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு படிவம் நிரப்பினால் போதும்.

ஜாமீன் நிதிக்குக் கொடுப்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அந்த ஆள் எல்லா விசாரணைக்கும் ஒழுங்காகப் போய் வழக்கு முடிந்தால் பணம் திரும்ப வரும், அடுத்தவருக்குப் போகும். ஆனால் இப்போது ஜாமீன் கேட்பதே சண்டையாகிவிட்டது. அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்கு, எத்தனை வருடம் இங்கே இருந்திருந்தாலும், ஜாமீன் தர நீதிபதிக்கு அதிகாரமில்லை என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஃபெடரல் நீதிமன்றங்கள் இதில் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்புச் சொல்கின்றன. ஆட்கொணர்வு மனு போடத் தெரிந்த வக்கீல்களுக்கு இன்று இருக்கும் தேவை கொஞ்சநஞ்சமில்லை. போதாக்குறைக்கு, முன்பு இலவசமாக இருந்த தஞ்ச மனுவுக்கே 2025 ஜூலையில் வந்த சட்டம் 100 டாலர் கட்டணம் வைத்தது. ஏழை என்று சொல்லித் தள்ளுபடி கேட்க அதில் வழியில்லை. சில அமைப்புகள் கட்டணங்களுக்காகவே தனி நிதி வைத்திருக்கின்றன, அதற்கும் கொடுக்கலாம்.

குடும்பத்துக்காக நீங்களே நேரடியாக நிதி திரட்டுவதாக இருந்தால் ஒரு கடுமையான எச்சரிக்கை. வழக்கின் விவரம் ஒன்றையும் பொதுவெளியில் எழுதாதீர்கள். உருக்கமாக இருக்கட்டும் என்று "போர்க்காலத்தில் இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்ததற்காக ராணுவம் தேடியது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறார்கள். பயந்து கொடுத்த சாப்பாடும் பணமும்கூட, உதவி செய்ததாகக் கருதப்பட்டுத் தஞ்சத்துக்குத் தடையாகலாம். அரசு வக்கீலும் இணையம் பார்ப்பவர்தான். "ஒரு குடும்பத்துக்குச் சட்டச் செலவு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே கட்டுப்பாடு.

நான்காம் படி: தமிழ்

எல்லோரும் பணம் கொடுக்கலாம். ஆனால் இதை நம்மைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்த்த துரைசிங்கம் வழக்கு ஓர் ஈழத் தமிழருடையது. எல்லை தாண்டி இருபத்தைந்து கஜ தூரத்தில் பிடிபட்டவர். ஒரு வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்திப்போய் அடித்தார்கள், யார் என்றும் ஏன் என்றும் தெரியாது என்று அதிகாரியிடம் சொன்னார். இலங்கையில் வேன் வந்து ஆளைத் தூக்கிப்போனது என்றால் நம்மில் யாருக்கும் அடுத்த வரி சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வேன் என்பது அங்கே என்னவென்று ஊர் உலகத்துக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் அதை எடுத்துச் சொல்ல வக்கீல் இல்லை. மனு நிராகரிக்கப்பட்டது. அப்படி நிராகரித்ததை ஃபெடரல் நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்கவும் அவருக்கு உரிமையில்லை என்று 7-2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிமன்ற விசாரணைக்கு அரசே மொழிபெயர்ப்பாளரைத் தரும். ஆனால் அதற்கு முன்னால் வக்கீலும் கட்சிக்காரரும் பல மணி நேரம் உட்கார்ந்து பேசிக் கதையைக் கோர்க்க வேண்டுமே, அதற்கு யாரும் தரமாட்டார்கள். குடியேற்றச் சேவைத் துறையில் நடக்கும் தஞ்ச நேர்காணலுக்கும் மனுதாரரே ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆள் பதினெட்டு வயதைத் தாண்டியவராக, வழக்கில் சாட்சி அல்லாதவராக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் உள்ள அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: தமிழ் தெரியும், எந்த ஊர்த் தமிழ், வாரத்தில் எந்த மாலைகள் முடியும், போனிலா நேரிலா. எந்த ஊர்த் தமிழ் என்பதை மறக்காமல் எழுத வேண்டும். மதுரைக்காரருக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு எல்லாமே பிடிபடும் என்று சொல்ல முடியாது, மட்டக்களப்புப் பேச்சு இன்னும் வேறு.

உட்கார்ந்து பேசும்போது, சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். அழுதால் காத்திருங்கள். நீங்களாக ஆறுதலோ விளக்கமோ சேர்க்காதீர்கள். விளங்காவிட்டால் வக்கீலிடம் சொல்லிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். "அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று ஒருவர் சொல்கிறார், நீங்கள் உடன்பிறந்தவர் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறீர்கள். படிவத்தில் உடன்பிறந்த ஆண் யாருமில்லை, ஏனென்றால் அது பெரியப்பா மகன். 2005-ல் வந்த ரியல் ஐ.டி. சட்டப்படி, வழக்கின் மையத்துக்குச் சம்பந்தமில்லாத சின்ன முரண்பாட்டை வைத்துக்கூட ஒருவரைப் பொய்யர் என்று நீதிபதி முடிவு செய்யலாம். "கூடப் பிறந்த அண்ணனா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்தது.

ஆவணங்களை மொழிபெயர்ப்பது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. பிறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., இலங்கையின் கிராம அதிகாரியான கிராம சேவகர் கொடுத்த கடிதம், புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுவித்த காகிதம், செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு. இவற்றை மொழிபெயர்க்க லைசென்ஸ் ஒன்றும் வேண்டாம். இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும், மொழிபெயர்ப்பு உண்மையானது, துல்லியமானது என்று எழுதி, பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு கையெழுத்துப் போட்டால் நீதிமன்றம் ஏற்கும். குடும்பத்தில் ஒருவரே செய்வதைவிட வெளி ஆள் செய்தால் நல்லது.

ஒரு கிராம சேவகர் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அச்சிட்ட தலைப்பு, பிரிவு எண், நடுவில் கையெழுத்தில் நான்கு வரி, கீழே வட்ட முத்திரை, முத்திரைக்கு மேல் பாதி மறைந்த தேதி. நான்கு வரியை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பினால் அது அரைகுறை. முத்திரையில் உள்ளது, ஓரத்தில் கிறுக்கியது, அடித்துத் திருத்தியது எல்லாம் வர வேண்டும், படிக்க முடியாததைப் படிக்க முடியவில்லை என்றே போட வேண்டும். மூலத்தில் பெயரின் எழுத்து பிழையாக இருந்தால் பிழையாகவே விடுங்கள், வக்கீலுக்குத் தனியாகக் குறிப்பு எழுதுங்கள். தேதியில்தான் ரொம்பக் கவனம் வேண்டும்: 04/07/2009 என்று இருந்தால் நமக்கு ஜூலை 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. 2009-ல் முல்லைத்தீவில் இருந்த ஒருவருக்கு அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு போரே முடிந்திருக்கிறது. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் படி: கூடவே நிற்பது

குடியேற்ற நீதிமன்ற விசாரணைகள் பொதுவாக யாரும் போய் உட்காரக்கூடியவை. தஞ்ச வழக்குகளை மட்டும் மூடிய அறையில் நடத்தக் கேட்கலாம். 2025 மே மாதத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர்களை நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே கைது செய்வது பரவியபோது, நியூயார்க்கின் 26 ஃபெடரல் ப்ளாசா போன்ற கட்டடங்களில் தேவாலயத்துக்காரர்களும் மாணவர்களும் கூடவே நடந்து போனார்கள். அப்படி ஒருவரோடு போன அப்போதைய நகரக் கணக்காளர் பிராட் லேண்டரையே ஜூன் 17 அன்று பிடித்து வைத்தார்கள். கூடப் போகிறவருக்குக் கைதைத் தடுக்க அதிகாரம் கிடையாது. அதிகாரிகளின் குறுக்கே போய் நிற்பது குற்ற வழக்கில் முடியும். உங்கள் வேலை எழுதிக்கொள்வது: முழுப் பெயர், ஏ-நம்பர், பிறந்த நாடு, யாரைக் கூப்பிட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவார்கள், அவர் எதற்கெல்லாம் மருந்து சாப்பிடுகிறார். இந்த ஒரு தாள் பத்து நிமிடத்தில் வக்கீல் கைக்குப் போனால் முதல் படியில் சொன்ன தேடல் முழுக்க மிச்சம். ஏதாவது ஓர் அமைப்பிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு, அவர்கள் அனுப்பும்போது போங்கள். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் நீதிமன்ற வாசலுக்குப் போவதற்கு முன் தங்கள் நிலையை ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பதும் அதே அளவு உதவிதான்.

வேறு வேலைகளும் இருக்கின்றன. பத்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்தவர்கள், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு மிக அசாதாரணமான கஷ்டம் வரும் என்று நிரூபித்தால் நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்கலாம். வருடத்துக்கு 4,000 பேர்தான் உச்சவரம்பு. அந்தக் கஷ்டத்தை நிரூபிக்கக் காகிதம் வேண்டும்: பிள்ளையின் மருத்துவக் கோப்பு, பள்ளியின் சிறப்புக் கல்வித் திட்டம், வரிக் கணக்குகள், வாடகை ரசீதுகள், பத்து வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஏதாவது ஓர் ஆதாரம். வக்கீல் இதைத் தேடி அலைய முடியாது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் குடும்பத்தோடு போய், கோப்பைக் கேட்டு வாங்கி, தேதி வாரியாக அடுக்கி, ஸ்கேன் செய்து கொடுத்தால் அவருக்கு இரண்டு நாள் மிச்சம். ஆனால் எந்த மனு போடுவது, படிவத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அது சட்ட ஆலோசனை, வக்கீல் அல்லாதவர் தந்தால் குற்றம், அதைவிட முக்கியமாக, நம் தப்புக்கு அந்தக் குடும்பம் நாடு இழக்கும்.

அதற்கும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத வழி. வக்கீல் படிப்பு இல்லாமலேயே, அங்கீகாரம் பெற்ற லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று உங்களுக்காக விண்ணப்பித்தால், சட்ட அமைச்சகம் உங்களைப் பிரதிநிதியாக அங்கீகரிக்கும். பகுதி அங்கீகாரம் என்றால் குடியேற்றச் சேவைத் துறையில் மனுக்கள் போடலாம், முழு அங்கீகாரம் என்றால் குடியேற்ற நீதிமன்றத்திலேயே வாதாடலாம். வில்லனோவா பல்கலைக்கழகம் இதற்கென்றே விஸ்டா என்ற இணையவழிப் படிப்பை 2020-ல் தொடங்கியது. தமிழ் தெரிந்த அங்கீகாரப் பிரதிநிதி ஊருக்கு ஒருவர் இருந்தால் எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும்! ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் பெரியவர்களாகி நேரம் கிடைத்தவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

வக்கீல்களுக்கு மட்டும்

கார்ப்பரேட் வேலையில் இருக்கும் தமிழ் வக்கீல்களே, எந்த மாநில லைசென்ஸ் இருந்தாலும் நாட்டின் எந்தக் குடியேற்ற நீதிமன்றத்திலும் ஆஜராகலாம், பதிவு செய்துகொண்டால் போதும். முழு வழக்கை எடுக்கத் தயக்கமாக இருந்தால், 2022-லிருந்து ஆவண உதவிக்கு மட்டும் பெயர் கொடுக்கும் படிவம் இருக்கிறது, ஒரு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். அமைப்புகள் அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாகத் தருவார்கள். ஃபெடரல் நீதிமன்ற அனுபவம் உள்ளவர்கள் ஆட்கொணர்வு மனுக்களுக்கு முன்வந்தால் அதைவிடப் பெரிய உதவி இன்றைக்கு இல்லை.

கடைசியாக, நகர மன்றம்

தனி மனிதர்கள் கொடுக்கும் நன்கொடையால் மட்டும் இது தீராது. நியூயார்க் நகரத் திட்டத்தைப் போல, 2021-ல் கொலராடோவும் 2022-ல் ஒரேகனும் மாநிலப் பணத்தில் நிதி ஏற்படுத்தின. இவை யாரோ போய்க் கேட்டதால் வந்தவை. எடிசன், ஃப்ரிஸ்கோ, ஃப்ரீமான்ட், கேரி என்று நம்மவர்கள் திரளாக இருக்கும் ஊர்களில் பட்ஜெட் கூட்டத்துக்கு எத்தனை தமிழர் போகிறோம்? பொதுமக்களுக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் பேச நேரம் தருவார்கள். சட்ட வாதம் வேண்டாம். உங்கள் ஊரில் வக்கீல் இல்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள், நியூயார்க்கில் 4 சதவீதம் 48 ஆக மாறும் என்று கணக்கிட்டார்கள், நம் ஊர் இவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். எவ்வளவு கேட்பது என்று உள்ளூர் சட்ட அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு வக்கீலின் ஆண்டுச் செலவு அவர்களுக்குத் தெரியும். அதே நாளில் தமிழ்ச் சங்கத்திலிருந்து பத்துப் பேர் சேர்ந்து போய் உட்கார்ந்தால் உறுப்பினர்கள் நிச்சயம் கவனிப்பார்கள். பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியிருக்கும், தேதி நகர மன்றத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் தமிழிலேயே பேசலாம், பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள்.